மூன்றே அடி

மைக் செட் இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் என்னை விட்டால் வேறு செட்டும் கிடையாது. அது தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள் அம்மா. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டி மேல்... இல்லை, பெட்டி மேலும் வேண்டாம், உள்ளே சாமான் இருக்கிறது. பாயில் உட்காருங்கள். நான் இந்த ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பெண்பிள்ளைகளிடம் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. கை சும்மா இருந்தால் வாயும் வராது.

உங்கள் வேனில் இருந்த ஆம்ப்ளி புகைந்துவிட்டது என்கிறீர்கள். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூட்டம். பெண்களுக்கு அபூர்வமாக வருகிற ஒரு நோயைப் பற்றி எடுத்துச் சொல்கிற கூட்டம். நோட்டீஸைப் பார்த்தேன். பேசுகிறவள் படமும் போட்டிருக்கிறீர்கள். உலகம்மாள், செவிலியர். அவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் யார் என்று தெரியுமா?

அவளுக்குத் தாய்மாமன். என் கூடப்பிறந்த தங்கச்சி ஆவுடையம்மாள் பெற்ற மகள் அவள். கூட்டத்துக்குக் கூட்டம் 'என் மாமா, என் மாமா' என்று பேசுகிறாளே, அந்த மாமா நான்தான்.

எழுந்திரிக்க வேண்டாம். உட்காருங்கள். நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன்.

மைக் தருகிறேன். வாடகை வேண்டாம். ஒரே ஒரு திருத்தம், அதை நீங்கள் அவளிடம் சொல்லவேண்டும். நான் அவளை அடித்தது மூன்று அடி. எண்ணி மூன்றே அடி. அவள் கணக்கு வழக்கில்லாமல் அடித்ததாகப் பேசிக்கொண்டு திரிகிறாள். நான் அஞ்சாம் வகுப்புத்தான். ஆனால் கணக்கில் தப்பு வராது. என் சாமான் எத்தனை ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, ஒரு திருகாணி குறைந்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண் ஆளானாலும் என் ஸ்பீக்கர் குழாய்தான் ஊருக்குச் சொல்லும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் பனைமரத்தில் குழாய் ஏறிவிட வேண்டும். இன்னார் மகள், இன்னார் பேத்தி, பெரிய மனுஷி ஆகியிருக்கிறாள், தாய்மாமன் சீர் இத்தனை தாம்பாளம் என்று மைக்கில் நான் வாசித்தால் பக்கத்து ஊர்க் குளத்தில் குளிக்கிறவனுக்குக் கேட்கும். அதில் என்ன வெட்கம்? நல்ல காரியம். இவள் பேசுகிறாளே, அதுதான் வெட்கம். கருப்பை என்கிறாள், மாதவிலக்கு என்கிறாள், பிறப்புறுப்பு என்கிறாள். ஆண்களும் உட்கார்ந்திருக்கிற இடத்தில். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடும்.

ஆமாம், கேட்டிருக்கிறேன். கழுகுமலையில் கேட்டேன். கயத்தாறில் கேட்டேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்து கேட்டேன். எதற்கு? கணக்கைத் திருத்தியிருக்கிறாளா என்று பார்க்கத்தான்.

ஆவுடைக்குப் புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். கைப்பிள்ளையோடு வந்தவளை நான்தான் வைத்துக் காப்பாற்றினேன். உலகு என் தோளில் வளர்ந்தவள். மைக் டெஸ்ட் பண்ணும்போது பக்கத்தில் வந்து நிற்பாள். நான் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்பேன். மறுபடியும் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்பேன்.

"ஏன் மாமா, மூணுக்கு மேல ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பாள்.

"மைக்குக்கு மூணு போதும்ட்டீ" என்பேன். அப்படி ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

அவள் ஏழாவது படிக்கும்போதே இரண்டு புதுக் குழாய் வாங்கி இந்தப் பெட்டியில் வைத்தேன். மருமகள் சடங்குக்குத்தான் முதல் முதலாகக் கட்டுவது என்று. எத்தனையோ பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஏழு முடிந்தது, எட்டு முடிந்தது, பத்தாவதும் வந்துவிட்டது. கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் பழைய குழாயைக் கட்டி வாசித்தேன். இவள் ஆளாகவில்லை. மாதம் ஒருமுறை வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகக் கள்ளம் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். நான் ஓமத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அதையும் மைக்கில் சொல்லலாம் அல்லவா? சொல்ல மாட்டாள்.

பிறகு அடிவயிறு தெரிய ஆரம்பித்தது. எனக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்தது.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மத்தியானக் கொடைக்கு நான் செட்டுப் போட்டிருந்தேன். என் சித்தப்பா மகன் முப்பிடாதி ஆம்ப்ளி பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெற்றிலையை மடித்தான்.

"அண்ணே, மருமவ சடங்குக்குன்னு குழாயப் பெட்டியில வச்சிப் பூட்டியிருக்கீரே. ஒரேயடியா வளைகாப்புக்கே கெட்டிரும். செலவு மிச்சம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மைக் ஆனில் இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். ஆஃபில்தான் இருந்தது. ஆனாலும் நாலு திசையிலும் குழாய் கட்டிச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்குப் போனேன். கையில் ஸ்பீக்கர் ஒயர் இருந்தது. அடிப்பதற்கென்று எடுத்துப் போகவில்லை, கையில் இருந்தது. இதைக் கவனிக்கவேண்டும். உலகு அடுக்களையில் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு?" என்றேன்.

"என்ன மாமா?"

"யாருட்டீ?"

முதலில் கன்னத்தில் ஒன்று விழுந்தது. அது வெறுங்கை. வெறுங்கையால் கொடுப்பதை வீடுகளில் யாரும் அடி என்று எண்ணுவதில்லை. சாய்ந்துவிட்டாள். சாயும்போது அம்மியில் நெற்றி மோதிக் கிழிந்தது. அது அம்மி. எழுந்திரிட்டீ என்று காலால் தள்ளினேன். தள்ளினது எங்கே என்று நான் பார்க்கவில்லை. வயிற்றில் என்று அவள் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் ஒயர். ஒன்று. "யாரு?" "தெரியாது மாமா." இரண்டு. "யாரு?" "சத்தியமா ஒண்ணுமில்ல மாமா." மூன்று. வாய்விட்டு எண்ணினேன். எதையும் எண்ணிச் செய்கிற ஆள் நான். மூன்று என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. நாலு என்று என் வாயிலிருந்து வரவே இல்லை. சாமி சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆவுடை தண்ணீர்க்குடத்தோடு வந்தவள் குடத்தைப் போட்டுவிட்டு மகள் மேல் விழுந்தாள். "அண்ணே, அவ இன்னும் ஆளே ஆவலியே, எப்பிடிண்ணே இருக்கும்?" என்று அலறினாள்.

"ஆளானத மறைச்சிருக்கா. சடங்கு சுத்துனா படிப்ப நிறுத்திருவோம்னு மறைச்சிருக்கா. நீயும் கூட்டு" என்றேன். நியாயமான சந்தேகம்தானே? ஊரில் அப்படி மறைத்த பிள்ளைகள் உண்டு. ஆவுடை குறுக்கே வந்ததால் ஒயர் அவள் காதோரத்தில் விழுந்தது. அது நான் அடித்தது இல்லை, அவளாக வந்து வாங்கிக்கொண்டது. ரத்தம் கழுத்து வரை வழிந்தது. அந்தக் காது இப்போது கேட்பதில்லையாம். வயது ஏறினால் காது மந்தமாவது எல்லாருக்கும் உள்ளதுதான்.

பிறகு உலகே ஒரு பெயரைச் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வலி தாங்காமல் ரோட்டோரம் படுத்துவிட்டாளாம். கீழத்தெருத் தவசி தன் லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டானாம். அதைத்தான் அழுதுகொண்டே சொன்னாள். எங்களுக்குப் பெயர் போதும்.

குளத்துக்கரையில் மறித்தோம். நான், முப்பிடாதி, அவனுடைய மச்சினன் ஒருத்தன். தவசி வண்டியை விட்டு இறங்கிக் கும்பிட்டான். சின்னப் பையன்தான், மீசை சரியாக வரவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ள வயித்தப் புடிச்சிக்கிட்டு ரோட்டுல கெடந்துச்சு. சோடா வாங்கிக் குடுத்தேன். ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒங்க தங்கச்சிகிட்டயும் சொன்னேன் அண்ணாச்சி."

"ஆசுபத்திரிக்கு ஒன்னயத்தாம்ல கூட்டிட்டுப் போவப் போறாவ" என்றான் முப்பிடாதி. ஜாக்கி லீவரை முழங்கையில் இறக்கினான். பச்சை முருங்கைக் கிளை முறிகிற சத்தம். நான் சத்தத்தோடு பிழைக்கிறவன், சத்தத்தில் எனக்குத் தப்பு வராது. அதே சத்தம். மறுபடியும் அதே இடத்தில் போட்டான். எலும்பு வெளியே வெள்ளையாகத் தெரிந்தது. நான் தவசி மேல் கை ஓங்கவில்லை. பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அவன் வண்டி சரிவில் நின்றது, குளத்துக்குள் உருண்டுவிட்டது.

போலீசா? அவன் அப்பா மறுநாளே மகனைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார். வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. உலகு எல்லாக் கூட்டத்திலும் தவசி பெயரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறாள், பார்த்திருப்பீர்கள். அவள் எதற்குக் கேட்கவேண்டும்? அவளா அடித்தாள்? அந்தப் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். கேட்க நன்றாக இல்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரி ஒரு பொம்பளையைக் கூட்டிவந்தாள். கருவைக் கலைக்கக் கஷாயம் காய்ச்சுகிறவள். உலகு வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். என் வீட்டுக்காரி மூக்கைப் பிடித்தாள், நான் காலைப் பிடித்தேன். குடும்ப மானம் அம்மா. உங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பெண்பிள்ளை பிறந்தால் தெரியும்.

விடியும்போது உலகுக்கு ஒன்றுக்கும் போக முடியவில்லை. வயிறு தவில் மாதிரி விம்மிவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை போய், வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ஆவுடை காதில் துணியைக் கட்டிக்கொண்டு, பால் வேனை மறித்து மகளை ஏற்றினாள். நான் "எங்க கூட்டிட்டுப் போற? ஊரு சிரிக்கவா?" என்று கையைப் பிடித்தேன். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவினாள். "அண்ணன்னு பாக்க மாட்டேன், சங்க அறுத்துருவேன்" என்றாள். இத்தனை வருஷம் சோறு போட்ட கூடப்பிறந்தவனிடம் பேசுகிற பேச்சா அது? இதையெல்லாம் உலகு மைக்கில் சொல்வதில்லை.

அடுத்த பஸ்ஸில் நானும் பின்னாலேயே போனேன். பெரிய ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார்கள்.

"நீங்கதான் மாமாவா? அவ வயித்துல பிள்ளை இல்ல பெரியவரே. ரெண்டு வருஷத்து ரத்தம் இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள். பிறவியிலேயே அந்த வாசலை ஒரு தோல் முழுக்க மூடியிருக்கிறதாம். ஆயிரம் ரெண்டாயிரம் பெண்களில் ஒருத்திக்கு அப்படி இருக்குமாம். வயதுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. மாதா மாதம் வரவேண்டியது வந்திருக்கிறது, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கித் தேங்கி வயிறு உப்பியிருக்கிறது. மூத்திரப் பாதையையும் நெருக்கிவிட்டது. சின்னதாக ஒரு கீறல்தான் போட்டார்களாம். கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாக இரண்டு லிட்டருக்கு மேல் இறங்கியதாம். "மாசா மாசம் வலிக்குது, ஆனா தீட்டு வரலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும். மொத வலியிலயே கூட்டிட்டு வந்திருந்தா அன்னைக்கே சரியாப் போயிருக்கும்" என்றார்கள். உலகு மைக்கில் சொல்கிறதும் அதே வாசகம்தான். ஒரு எழுத்து மாறாது. அதில் மட்டும் அவள் என் வளர்ப்பு.

ரெண்டு வருஷம், பாருங்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஆளாகியிருக்கிறாள். தாய்மாமன் எனக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. எனக்கு வந்த வருத்தம் அதுதான். சொல்லியிருந்தால் குழாய் கட்டியிருப்பேனே. புதுக் குழாய், பெட்டியிலேயே கிடந்ததே.

அப்புறம் டாக்டரம்மா கேட்டார்கள்: "முதுகுலயும் தொடையிலயும் பதினாலு தடிப்பு இருக்கு. யாரு அடிச்சது?" பொம்பளை டாக்டரிடம் என்ன பேச? ஆனால் கணக்குப் பார்த்துக்கொண்டேன். ஒயரை இரண்டாக மடித்து, அதை மறுபடியும் மடித்தால் நாலு இழை. ஒரு அடிக்கு நாலு தடிப்பு. மூன்று அடிக்குப் பன்னிரண்டு. மீதி இரண்டு, அம்மி, குடம், ஏதாவது பட்டிருக்கும். கணக்குச் சரியாக வருகிறதா இல்லையா?

ஒயரை எத்தனை மடிப்பாகப் பிடித்திருந்தேன் என்கிறீர்களா? அது இப்போது நினைவில்லை. மூன்று அடி என்பதால் நாலு மடிப்பாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

ஆவுடை அங்கிருந்தே மகளைக் கூட்டிக்கொண்டு போனவள்தான். சடங்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டாள். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. உலகு நர்சுக்குப் படித்தாள், இப்படி ஊர் ஊராகப் பேசுகிறாள். இன்றைக்குத்தான் முதல் முதலாகச் சொந்த ஊருக்குள் வருகிறாள்.

கயத்தாறில் என்ன நடந்தது தெரியுமா? நீங்கள் அங்கே இருந்தீர்களோ என்னவோ. கூட்டத்தில் ஒரு பாட்டியம்மா எழுந்து, "ஒம் மாமன் எத்தன அடிம்மா அடிச்சான்?" என்று கேட்டாள். இப்போதாவது சரியாகச் சொல்கிறாளா பார்ப்போம் என்று துண்டை விலக்கிக் காதைக் கொடுத்தேன். உலகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"எங்க மாமாவக் கேட்டா மூணும்பாங்க. அது பொய் இல்ல பாட்டி. மூணு வரைக்கும் எண்ணுவாங்க. பெறவு மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பாங்க."

கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. மைக் கட்டாகிவிட்டதோ என்று நான் ஆம்ப்ளியை எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். மூன்று என்றால் மூன்று. ஒரே மூன்றை எத்தனை தடவை எண்ணினாலும் மூன்றுதானே?

சரி, விடுங்கள். நேரமாகிறது. இந்தப் பெட்டியை ஒரு கை பிடியுங்கள். பார்த்து, தகரம் கிழிக்கும். ம்... பார்த்தீர்களா? சுற்றியிருக்கிற காகிதம்கூடக் கிழியவில்லை. எங்காவது ஒரு பொட்டுத் துரு இருக்கிறதா? பங்குனிக்குப் பங்குனி எடுத்துத் துடைத்து வைப்பேன். இதைத்தான் இன்றைக்குக் கட்டப்போகிறேன். வேப்பமரத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஒன்று. தாய்மாமன் கட்டவேண்டியது, கட்டித்தானே ஆகவேண்டும்.

காலையிலேயே முப்பிடாதி வந்து சொல்லிவிட்டுத்தான் போனான். "அண்ணே, அவ பேச நீரு மைக் குடுத்தீருன்னா, குழாய் மரத்துல இருக்காது, நீரும் தரையில இருக்க மாட்டீரு" என்று. வரட்டும். அதோ மூலையில் சாக்குக்குக் கீழே பாருங்கள். அதே லீவர்தான். அன்றைக்கு அவன் போட்டுவிட்டுப் போனதை நான் எடுத்து வைத்திருந்தேன். அதை ஆம்ப்ளி பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். என் மருமகள் பேசும்போது எவனாவது குழாயில் கை வைத்தால் மண்டையைப் பிளந்துவிடுவேன். அதிகம் வேண்டாம். மூன்றே அடி.

ஏன் பயப்படுகிறீர்கள்? அவள் நல்லதுக்குத்தான்.

நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன் என்று நினைக்கிறீர்களா? அந்த இடம் வரும்போது? மாட்டேன். இந்தக் குழாயில் முதலில் ஏறுகிற குரல் அவள் குரல். அவள் என்ன சொன்னாலும் முழுச் சத்தத்தில்தான் போகும். திருத்திச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். அதை மட்டும் அவள் காதில் போட்டுவையுங்கள்.

ஆவுடையும் வருகிறாளா? வருகிறாளா! அப்படியென்றால் வேப்பமரத்துக்கு வலது பக்கம் நாற்காலி போடச் சொல்லுங்கள். இடது காதுதான் அவளுக்குக் கேட்கும். மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் அந்தக் காதுக்கு நேராகக் குழாய் வரும். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். சும்மா போட்டுவிடுங்கள்.

இதோ, மாட்டியாயிற்று. ஒருமுறை டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடுவோம். வாங்கின நாளிலிருந்து வாயைத் திறக்காத குழாய். நீங்கள் வாசலில் போய் நின்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஹலோ. ஹலோ. ஒன்று. இரண்டு. மூன்று.

கேட்கிறதா? என்ன சத்தம் பாருங்கள், கண்ணாடி மாதிரி. ஒன்று. இரண்டு. மூன்று.

தெரு முனை வரைக்கும் போகிறதா? இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள் அம்மா. ஒன்று. இரண்டு. மூன்று.

ஏன் அங்கேயே நின்றுவிட்டீர்கள்? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? போதுமா? இருங்கள், இந்த இன்னொரு குழாயையும் பார்த்துவிடுகிறேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒன்று.